நாற்றம் போன எரு

கல்யாணப் பந்தியில் புதிதாக அறிமுகமாகிறவர் யாராவது, "கொல்லிமலையில என்ன வேல பாக்கறீங்க?" என்று என்னிடம் கேட்டால், பக்கத்து இலையிலிருந்து என் மனைவி முந்திக்கொண்டு, "தண்ணி சம்பந்தப்பட்ட வேலைங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டுவாள். பொய்யில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான். மலைமேல் விடுதிகளில் தங்குகிறவர்கள் காலையில் உபயோகித்து அனுப்பிவைக்கும் தண்ணீர். விடுதிக்காரர்கள் சிலர் கூடி நடத்தும் சிறிய சுத்திகரிப்பு நிலையத்தில் பதினோரு வருடமாக நான் கெமிஸ்ட். வாரக் கடைசியில் அடிவாரத்து வீட்டுக்கு இறங்குவேன். மற்ற நாட்களில் நிலையத்தை ஒட்டிய அறையில் பொங்கித் தின்று, புத்தகம் படித்து, அவ்வப்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். இரண்டு தொழிலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வருவதை வடிகட்டி, நாற்றம் தெரியாமல் வெளியே விட வேண்டும், அவ்வளவுதான்.

நிலையத்தில் என்னைத் தவிர இன்னொருவர்தான் வேலைக்கு. குண்டனி நாட்டுக்காரர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பேர். சரிவில் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவர் ஊர். காட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்தார். அது போக எங்களிடம் மோட்டார் ஓட்டுவது, வலையில் சிக்குவதை அள்ளுவது, கசடைக் காயப்போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். வயதும் படிப்பும் சண்டை போடாமல் இருக்க நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலையில் சிக்கிய ஷாம்பு பாக்கெட்டுகளை வாரிக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க சார், கண்ணுக்குத் தெரியாத கிருமிங்கறாங்களே, அதெல்லாம் இந்த வலையில எப்படீங்க மாட்டும்?"

"மாட்டாதுங்ணா. இது கண்ணுக்குத் தெரியறதுக்கு."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கேட்பதற்கு ஆள் கிடைப்பது அபூர்வம். விளக்க ஆரம்பித்தேன். வைரஸ் மகா சிறியது, அதன் பக்கத்தில் பாக்டீரியாவை வைத்தால் யானை. எந்த வலையும் அதைப் பிடிக்காது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம், தனியாக இருக்கத் தெரியாது. எதன்மேலாவது ஒட்டிக்கொள்ளும். முதல் தொட்டியில் கனத்த அழுக்கு அடியில் படியும்போது அதோடு கொஞ்சம் இறங்கிவிடும். அடுத்த தொட்டியில் காற்றை ஊதுகிறோம். அந்தக் காற்றில் பெருகும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பஞ்சு பஞ்சாகத் திரளும், வைரஸ் அந்தப் பஞ்சில் ஒட்டும். அங்கே மேய்கிற நுண்ணுயிர்கள் கொஞ்சத்தைத் தின்றும் தீர்க்கும். பஞ்சு படிந்தால் மேலே தண்ணீர் தெளியும். தெளிந்ததை மணலில் இறக்கி, குளோரின் போட்டு அரைமணி நேரம் நிறுத்தினால் மிச்சம் மீதியும் பெரும்பாலும் போய்விடும். கலங்கலாக இருந்தால் மட்டும் குளோரின் பலிக்காது, அழுக்குக்குள் ஒளிந்துகொள்ளும்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"அப்ப அந்தப் பஞ்சுல ஒட்டுனது?"

"கசடோட கீழ போயிரும்."

"செத்துங்களா, உசுரோடங்களா?"

"நெறைய உசுரோடதாங்ணா."

"அப்ப நாம கொல்றதில்லீங்க. டிரான்ஸ்பர் பண்றோம்." வலையை உதறினார். "எங்க வாத்தியார் ஒருத்தர் குடிக்கறாருன்னு மனு குடுத்தோமுங்க. அடுத்த ஊருக்கு மாத்துனாங்க. அங்க போயிக் குடிச்சாரு."

இந்தத் துறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீர் சுத்தமாக ஆக ஆக, கசடில் நோய் ஏறும். கசடில் ஏறியதைக் கொல்ல வெயில் வேண்டும், நன்றாகக் காய வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாள் வேண்டும். எங்களுக்குக் கொடுத்த கையேட்டை எழுதியவர் சமவெளிக்காரராக இருக்க வேண்டும். மணல் படுகையில் கசடை ஊற்றி வெயிலில் காய விடவும் என்று எழுதியிருந்தார், வெயில் எங்கேயும் கிடைக்கிற சரக்கு என்பதுபோல. மலையில் பங்குனி சித்திரையை விட்டால் வெயில் விருந்தாளிதான். மஞ்சு இறங்கினால் என் பனியனே மூன்று நாளைக்குக் காயாது. கசடு எம்மாத்திரம்? குளிரும் ஈரமும் வைரஸுக்குப் பிரிட்ஜில் வைத்த மாதிரி.

ஆகவே நானே ஒரு விதி வகுத்தேன். காய்ந்த கசடில் சுண்ணாம்பு கலந்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு முழுக் கோடை தாண்டிய பிறகுதான் வெளியே கொடுக்க வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். மீறுகிறவன் யார் என்று பிற்பாடு சந்தேகம் வரக்கூடாதல்லவா.

அந்த வருடம் கோடை என்று ஒன்று வரவே இல்லை. சித்திரையிலேயே மழை. வைகாசியில் நான்கு படுகையும் நிரம்பிக் கிடந்தன. விடுதிகளின் மேனேஜர் போன் செய்தார்.

"சார், ஆடிக்குக் கூட்டம் வரும். இப்பவே படுகையக் காலி பண்ணி வைங்க. நெறஞ்சு நாத்தம் எடுத்துச்சுன்னா ரூமெல்லாம் கேன்சல்."

"சுண்ணாம்பு இன்னும் வரலீங்களே."

"வரும் சார், வரும். மலை ஏறி வரணுமில்ல?"

சுண்ணாம்பு இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது படுகையில் கிடந்தது தையில் ஊற்றிய கசடு. மேலே கறுத்து, பாளம் பாளமாக வெடித்துப் பார்க்க அழகாக இருந்தது. அவர் ஒரு பாளத்தை உடைத்து, உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கசக்கினார். மலையில் எரு ஆறிவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். கசக்கி மோந்தால் சாணி வாசம் அடிக்கக்கூடாது, மழை பெய்த மண் வாசம் அடிக்க வேண்டும். அடித்தால் கொடிக்குப் போடலாம். மாட்டெருவுக்கு அது பிசகாத கணக்கு.

"மண்ணு வாசம் வந்துருச்சுங்க சார். நீங்களும் மோந்து பாருங்க."

பட்டதாரியான நானும் மோந்து பார்த்தேன். மண் வாசம்தான்.

"மெளகுக்கு நாலு கூடை எடுத்துக்கட்டுங்களா? கொடியெல்லாம் மஞ்சப் பாரிச்சுக் கெடக்குதுங்க."

"டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேங்ணா" என்றேன், விஞ்ஞானத்தின் கௌரவத்தைக் காப்பாற்றும் பொருட்டு.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டெஸ்ட். சின்ன பாட்டிலில் மருந்து இருக்கும். கசடைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் வைத்தால், மலத்திலிருந்து வந்த பாக்டீரியா இருந்தால் பாட்டில் கறுக்கும். நான் அதை என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், மலையில் அதைவிடக் கதகதப்பான இடம் இல்லை. இரண்டு நாள் ஆகியும் கறுக்கவில்லை.

பாட்டில் பாக்டீரியாவைத்தான் காட்டும், வைரஸைக் காட்டாது. பாக்டீரியா செத்த இடத்தில் வைரஸ் இன்னும் பல நாள் தாக்குப்பிடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'முக்கியம்' என்று வேறு எழுதியிருக்கிறேன். தெரிந்தும் பதிவேட்டில் 'அகற்றலாம்' என்று எழுதினேன். மேனேஜர் நச்சரிப்பு ஒருபக்கம். அது மட்டுமில்லை, இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது அந்த நாலு கூடை எருதான்.

"பாட்டில் சுத்தமா இருக்குதுங்ணா. எடுத்துக்குங்க."

"நாந்தான் மோந்தப்பவே சொன்னனுங்களே" என்றார் பெருமையாக.

நாலு கூடை நாற்பது கூடையாகப் போனது. படுகை காலியானது. அவருடைய மிளகுக்காடு ஊரே தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு நேர் மேலே, சரிவில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த மாதம்தான் அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எடப்புளி நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம். நடந்தால்தான் சுகப்பிரசவம் ஆகும் என்று தினமும் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மேடேறி நிலையத்துக்கு வருவாள். அப்பா சாப்பிடும்வரை என் அறை வாசலில் உட்கார்ந்து, நான் எழுதிய பத்திரிகைகளைப் புரட்டுவாள்.

"சித்தப்பா, இதுல சிரிப்பு எந்தப் பக்கத்துல வருதுங்க? மடிச்சுக் குடுத்தீங்கன்னா தேடற வேல மிச்சம்."

"கண்ணு, அது உள்ளூரச் சிரிக்கறது."

"உள்ளயே இருந்துக்கட்டுமுங்க, பாவம். எதுக்கு வெளிய வந்துக்கிட்டு?"

எத்தனையோ வாசகர் கடிதம் வந்திருக்கிறது. இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை. என் அறையிலிருந்த கேன் தண்ணீரைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. ஊற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பாள். "இந்தச் செத்த தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் உங்க எழுத்தும் சப்புன்னு கெடக்குது." ஊரில் யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. அதில் பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்துத் தண்ணீரைக் கொடுப்பார்களா? அவர் விடியற்காலையில் எழுந்து, முதல் குடம் அவளுக்கென்று ஊற்றிலிருந்து தானே எடுத்துவருவார். அவள் கொண்டுவந்த பாட்டிலை நான் அவள் எதிரில் திறந்து வைப்பேன், அவள் போனதும் டீக்குக் கொதிக்க வைப்பேன். எதற்கு வம்பு என்றுதான். கொதிக்க வைத்துக் குடி என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயில் முள்ளா குத்தியிருந்தது? சொன்னால், ஏன் என்று கேட்பாள். அப்பனும் மகளும் கேள்வி கேட்பதில் ஒன்று.

ஆனியில் மழை பிடித்தது. ஆடியில் கூட்டம் வந்தது, படுகையில் இடம் இருந்தது, ஒரு ரூம் கூட கேன்சல் ஆகவில்லை. ஆடிக் கடைசியில் அவள் சோறு கொண்டுவருவது நின்றது.

"வாயெல்லாம் கசக்குதுங்கறாளுங்க. கண்ணு மஞ்சளாட்டம் இருக்குது. கீழாநெல்லி அரச்சுக் குடுத்துட்டு இருக்கறனுங்க" என்றார்.

"எதுலீங்ணா கரைச்சுக் குடுக்கறீங்க?"

"ஊத்துத் தண்ணியிலதானுங்க."

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுத ஆசை. இல்லை. எங்கேயோ லேசாக உறுத்தியது, அவ்வளவுதான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்ணா" என்றேன். ரெண்டு நாள் பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் அவள் அப்பாவையே யாரென்று கேட்டாள்.

மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஆம்புலன்ஸில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். "ஆச்சு சாமி, எறங்கீட்டோம், ஆச்சு" என்று எழுபது தடவை சொல்லியிருப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நேரத்தை வீணாக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார், ஆட்களை விரட்டினார், குழந்தையை முதலில் காப்பாற்றிவிடலாம் என்றார். தண்ணீரில் பரவும் காமாலை, மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே போய்விடும், நிறைமாதக்காரிக்கு வந்தால் ஈரலையே தின்றுவிடும் என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "வீட்டுல என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஊத்துத் தண்ணிங்க. மருந்து கிருந்து ஒண்ணும் கலக்காத சுத்தமான தண்ணிங்க. புள்ளைக்குன்னு நானே மொதக் கொடம் மோந்து குடுப்பனுங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு படம். ஆறையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கூடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. படித்தவனாக இருப்பதன் பயன் இதுதான் போலிருக்கிறது.

பெண் குழந்தை. பிழைத்தது. அவள் நான்கு நாள் இருந்தாள், பிறகு இல்லை. குழந்தையை மாமியார்க்காரி எடப்புளி நாட்டுக்கு எடுத்துப் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்தார். வந்த அன்றே வலையைச் சுத்தம் செய்தார், மோட்டார் போட்டார், எனக்கு முன்னால் வந்து குந்தினார்.

"ஏனுங்க சார், அன்னைக்கு அந்த எரு நல்லா ஆறுனதுதானுங்களே?"

பதில் எனக்குத் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே தயாரித்து வைத்திருந்தேன். அந்த ஊற்றால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஊற்று நீரை யாரும் வைரஸுக்குச் சோதிக்கவில்லை, சோதிக்க இந்த மலையில் வசதியும் இல்லை. வேறு எங்காவது குடித்திருக்கலாம், எடப்புளியிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. உண்மையை இவ்வளவு அசிங்கமாக அடுக்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஆறலீங்ணா" என்றேன். "பாட்டில்ல தெரியறது வேற கிருமி. இது தெரியாது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னேன். அதுனாலதான் வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நான் அப்படித்தான் நெனைக்கறேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தானுங்களே மோந்தது" என்றார்.

"இல்லீங்ணா, நான்..."

"இருங்க சார்." எழுந்தார். "இன்னும் சனம் அந்தத் தண்ணியத்தான குடிக்குது? வாங்க."

ஊற்றில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். மழையில் ஊற்று நிறைந்து, அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவ்வளவு தெளிவான தண்ணீரை என் நிலையம் ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. மேக்காட்டுல நாங் கொட்டுன எருவு எறங்கியிருக்குது. எம் புள்ள அதுலதான் போனா."

ஒருத்தி, அவருக்குப் பங்காளி வீட்டுக்காரி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வேண்டாமுங்க மாமா. புள்ள போன ஏக்கத்துல எதையாச்சும் பேசாதீங்க. ஊத்து என்ன பண்ணும்? பளிங்காட்டம் இருக்குது." ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். "ஒரு வாசமும் இல்லீங்க."

"வாசம் இருக்காது. சார் படிச்சவரு, கேட்டுப் பாருங்க. சொல்லுங்க சார்."

சொன்னேன். வைரஸ் என்றேன், ஈரல் என்றேன், கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரைக் குடியுங்கள் என்றேன். மேடைப் பேச்சு மாதிரி வந்தது. அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"அந்த எருவ எடுக்கலாமுன்னு சொன்னது ஆருங்க?"

"நாந்தாங்க."

"டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அன்னைக்கு நல்லா இருக்குதுன்னீங்க. இன்னைக்கு நல்லா இல்லீங்கறீங்க. ரெண்டுல எதுங்க பொய்யி?"

அவர் ஊற்றின் விளிம்பில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் குடத்தைப் பார்த்தார்கள். வீட்டில் உலை வைக்க வேண்டும், நேரமாகிறது. கேள்வி கேட்டவள் தன் குடத்தை முக்கினாள். குமிழி விட்டு நிறைந்தது. கழுத்துவரை நிறைத்துக் கல்மேல் வைத்து, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் தூக்கி உடுங்க சார்."

தூக்கிவிட்டேன்.